மகளும் ஒருத்தி

தன் அரசன் தோற்றுப்போனான் என்று எழுதிய அவைப் புலவன் ஒருவனைக்கூட நான் கண்டதில்லை. எண்பதுகளில் ஆக்லாந்தில் இருந்துகொண்டு, பகுதி நேர மாணவியாக, சோழர் காலத்து மெய்க்கீர்த்திகளை ஆராய்கிறேன் என்று சொல்லித் திரிந்தவள் நான். மெய்க்கீர்த்தி என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. கோயிலுக்கு ஒருவன் நிலம் விடுவான், இன்னொருவன் விளக்கெரிக்க ஆடு விடுவான். அதைச் சுவரில் வெட்டும்போது, முதலில் நாட்டை ஆளுகிறவனின் வெற்றிகளைச் செய்யுளில் வெட்ட வேண்டும். அரசனுக்கு வயது ஏற ஏறச் செய்யுளும் நீண்டுகொண்டு போகும். பகைவன் எப்போதும் தலைவிரி கோலமாக ஓடுவான். அதே போரைப் பற்றி அந்தப் பகைவனின் ஊர்க் கல்வெட்டைப் பார்த்தால், அங்கே இவன் ஓடிக்கொண்டிருப்பான்.

எனக்கு அந்தப் புலவர்கள் மேல் கோபம் கோபமாக வரும். பொய் சொன்னார்கள் என்பதற்காக இல்லை. பொய்யில் மிகைப்படுத்தல் இருந்தால் அதைக் கழித்துவிட்டுப் படிக்கலாம். அவர்கள் விட்டுவிட்டதைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. இளவரசன் என்று ஆறேழு வருடம் போற்றப்பட்ட ஒருவன் அடுத்த வருடத்துக் கல்வெட்டிலிருந்து காணாமல் போயிருப்பான். செத்தானா, துரத்தினார்களா, தம்பிக்காரன் நஞ்சு வைத்தானா, ஒரு சொல் இருக்காது. கூலிக்கு மாரடிக்கிறவர்கள் என்று அவர்களைத் திட்டி ஒரு அத்தியாயமே எழுதினேன்.

என்னுடைய மேற்பார்வையாளர் நியூசிலாந்துக்காரர். அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. ஐரோப்பிய மடங்களில் துறவிகள் ஆண்டுக்கு ஒரு வரியாக எழுதிவைத்த குறிப்புகள்தான் அவருடைய துறை. அந்த அத்தியாயத்தை வாசித்துவிட்டு அவர் சொன்னார், "உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் என் துறவிகள் தோல் ஏட்டைச் சுரண்டி ஒரு பெயரை அழிக்கும்போது தாங்கள் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. நடந்திருக்க வேண்டியதைத்தான் எழுதுகிறோம் என்று நம்பினார்கள்." நல்ல மனிதர். நான் தலையாட்டிவிட்டு, பஸ் ஏறி பிளாக்ஹவுஸ் பேயில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, ஐரோப்பியத் துறவிக்கு ஒரு நியாயம் தமிழ்ப் புலவனுக்கு ஒரு நியாயமா என்று என் கணவரிடம் எரிந்து விழுந்தேன். அவர் எல்லர்ஸ்லியில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் வேலை பார்த்துக் களைத்து வந்திருந்தார். "நீயும் உன்ர ராசாக்களும்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கேட்டார்.

அப்போது நானே அந்த வேலையைச் செய்து முடித்து ஒரு வருடமாகியிருந்தது. அதை அவரும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை.

அது என்ன வேலை என்று சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒருவர் செத்தால், முப்பத்தோராம் நாள் வீட்டுக் கிரியைக்கு வருகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்போம். செத்தவரின் ஊர்ப் பெருமை, குலப் பெருமை, படித்த படிப்பு, பார்த்த உத்தியோகம், கட்டிய பெண், பெற்ற பிள்ளைகள், வந்த மருமக்கள், கண்ணை மூடிய திதி எல்லாம் செய்யுளில் இருக்கும். அதற்கும் கல்வெட்டு என்றுதான் பெயர். கல்லும் இல்லை, வெட்டும் இல்லை, மலிவான தாளில் அச்சடிப்பதுதான். ஆனால் ஊரில் அதற்கு இருக்கிற மதிப்பு கல்லுக்குக்கூட இல்லை. கல்யாணப் பேச்சு வந்தால், அந்தக் குடும்பத்துக் கல்வெட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே பேசுவார்கள்.

அப்பா செத்தபோது நான் ஆக்லாந்தில் இருந்தேன். தந்தி வந்த அன்றைக்கே விமானம் எடுத்தாலும் நெருப்பு வைப்பதற்கு முன் போய்ச் சேர முடியாது. ஒன்பதாம் நாள் அம்மாவின் கடிதம் வந்தது. கூலிக்குப் பாடுகிற புலவர்கள் ஊரில் இருந்தார்கள். அம்மாவுக்கு அவர்கள் வேண்டாம். "படிச்ச பிள்ளை நீ இருக்கேக்க ஏன் வெளியில போவான்? அப்பாவுக்கு நீதான் பாடவேணும். உடன எழுதி அனுப்பு, அச்சுக்கூடக்காரன் நாலு நாள் கேக்கிறான்" என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி. "அவளைச் சேர்க்காதை. அது அப்பாவின்ர ஆணை."

அவள் என்றால் என் தங்கை. எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், இரண்டும் பெண். அவள் எனக்கு ஆறு வயது இளையவள். கொழும்பில் வேலைக்குப் போன இடத்தில், எங்கள் ஆட்கள் கை நனைக்க மாட்டார்கள் என்று ஒதுக்கிவைத்த சாதியில் ஒருவனைக் காதலித்து, பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அப்பா அன்றைக்கே தலை முழுகிவிட்டார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குத் தலை முழுகிய மனிதர் அவர். செத்த வீட்டுக்கு அவள் கைப்பிள்ளையோடு வந்து படலைக்கு வெளியே நின்றாளாம். யாரும் உள்ளே விடவில்லை. பாடை போகும்போது வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

அம்மாவின் கடிதம் வந்து இரண்டு நாளில் அவளுடைய கடிதமும் வந்தது. நீலக் கடதாசியில் ஒரு பக்கம்தான். "அக்கா, கல்வெட்டு நீதான் பாடுறாயாம் எண்டு கேள்விப்பட்டன். என்ர பேரையும் போடுவியே? இவரின்ர பேர் வேண்டாம், மருமகன் எண்டு ஒருத்தரும் சொல்ல வேண்டாம். நான் அப்பாவின்ர பிள்ளை எண்டு மட்டும் இருந்தாக் காணும்."

இருந்தால் காணுமாம். எனக்கு என்ன செலவு? ஒரு வரி. எனக்கு மனம் வரவில்லை. அம்மா சொன்னதால்தான் விட்டேன் என்று பிறகு எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி எனக்கு அவள் மேல் இருந்த எரிச்சல். நான் அப்பா காட்டிய மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டி, இந்த மழை ஊருக்கு வந்து, அடுத்த வீட்டுக்காரியோடு வானிலையைத் தவிர வேறொன்றும் பேசத் தெரியாமல் இருக்கிறேன். அவள் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டதும் இல்லாமல் இதுவும் வேண்டுமாம். பொறாமைதான். வேறு சொல் தேட வேண்டாம்.

ஆசிரியப்பாவில் எழுதினேன். அந்த இடத்தில் வந்த அடி இது:

மனையாள் ஒருத்தி மகளும் ஒருத்தி

எழுதிவிட்டு நானே மெச்சிக்கொண்டேன். ஒன்றாம் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மோனை, ஒரே சொல் இரண்டு முறை, அப்பாவின் ஒழுக்கம் முழுவதும் நாலு சீரில். மகளிர் இருவர் என்று போட்டிருந்தாலும் தளை தட்டியிருக்காது. அதையும் அன்றைக்கே விரல் விட்டுப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஒருத்தி என்று எழுதினேன்.

இருநூறு பிரதி அடித்துக் கொடுத்தார்களாம். எல்லாரும் பாட்டை மெச்சினார்கள் என்று அம்மா எழுதினார். தங்கைக்கு நான் பதில் போடவில்லை. அவளும் பிறகு எழுதவில்லை.

அம்மாவைத் தனியே விட முடியாது. அவருக்குக் கண்ணில் புகை விழுந்து, எழுத்துக்கூட்டி வாசிப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஆக்லாந்துக்குக் கூப்பிடுவதற்கு நிரந்தர விசா விண்ணப்பம் போட்டோம். ஊரில் அவரைப் பார்க்க வேறு பிள்ளை இல்லையென்று காட்டினால் காரியம் சுலபமாக முடியும் என்று கணவரின் அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். காட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஒருவருக்கு இத்தனை பிள்ளைகள்தான் என்று எங்கள் நாட்டில் எந்த அரசாங்கக் கந்தோரும் தாள் தருவதில்லை. "கல்வெட்டு இருக்குத்தானே" என்றேன் நான். நான்தான் சொன்னேன். இந்த மூளை வேறு எந்த நாட்டுக்காரிக்கு வரும்? முழுச் செய்யுளையும் ஆங்கிலத்தில் பெயர்த்து, அந்த அடியை மட்டும் இரண்டு தரம் திருத்தி, துலக்கமாக எழுதினேன்.

மொழிபெயர்ப்பு சரியென்று ஒரு ஜே.பி., அதாவது சமாதான நீதவான், ஒப்பமிட வேண்டும். ஆக்லாந்தின் மேற்கே மாசி என்ற புறநகரில் மலேசியத் தமிழர் ஒருவர் இருந்தார், வழக்கறிஞர், ஜே.பி. பட்டமும் உண்டு. அவர் வீட்டு மேசையில் வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். எங்கள் கல்வெட்டை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. "நல்ல பழக்கமா இருக்கே இது, செத்தவங்களுக்கு ஒரு ரெக்கார்டு" என்றார். அந்த அடிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரே மகள்னு போட்டிருக்கு. நீங்க ஒரே புள்ளதானாம்மா?"

"ஓம்" என்றேன்.

அவர் ஒப்பமிட்டார். நாலு மாதத்தில் அம்மா வந்துவிட்டார். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அப்பாவின்ர கல்வெட்டுத்தான் என்னை இஞ்ச கொண்டுவந்து சேர்த்தது" என்று அழுதார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த ஆடியில், எண்பத்துமூன்றில், கொழும்பு எரிந்தது. இங்கே தொலைக்காட்சியில் ஓரிரு நிமிடம் காட்டினார்கள், பிறகு ரக்பி. அம்மா தொலைக்காட்சிக்கு மிக நெருங்கி உட்கார்ந்து, "அது எந்த ரோட்டு? எந்த ரோட்டெண்டு சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அவள் பெயரை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

புரட்டாதியில் அவளுடைய கடிதம் வந்தது. வீடு எரிந்துவிட்டது. அவள் புருஷனை ரோட்டில் வைத்து அடித்தே கொன்றுவிட்டார்கள். அவளும் பிள்ளையும் அகதி முகாமில் இருந்து, கப்பலில் யாழ்ப்பாணம் வந்து, புருஷனின் தமையன் வீட்டில் இருக்கிறார்கள். "உடுத்த துணியோட வந்தனாங்கள். பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடப் பத்திரம், கலியாணப் பதிவு ஒண்டும் இல்லை. அக்கா, உன்னட்ட நான் வேற ஒண்டும் கேக்கேல்லை. எங்களை அங்க எடுப்பியே? பிள்ளை ரோட்டில சத்தம் கேட்டா மூத்திரம் போறாள்."

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். அம்மா ஒப்பாரி வைக்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு இருந்தார். அதை எடுத்ததும் கேட்டது இதுதான். "இப்ப ரெண்டு பிள்ளையெண்டு சொன்னா, என்னைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்களோ?"

"தெரியாதம்மா" என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? இருந்தாலும் அவர் மனம் தேறி, சரி நான் வந்து சத்தியம் பண்ணுறன் என்று சொல்ல ஆறு மாதம் எடுத்தது. அந்த ஆறு மாதமும் நான் மாசிக்காரரிடம் போக வெட்கப்பட்டு, அவளுடைய பிறப்புப் பத்திரத்தின் பிரதிக்கு ஊருக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பதிவுக் கந்தோர் எரிந்துபோய்விட்டது, ஏடுகள் இல்லை என்று பதில் வந்தது. ஆட்களுக்கு அத்தாட்சி கொடுக்கிற ஊர் அதிகாரி, விதானையாருக்கு எழுதினேன். எங்கள் வீட்டுப் பந்தியில் எத்தனை தரம் சாப்பிட்டவர். எங்கள் இரண்டு பேரையும் சைக்கிளில் முன்னால் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனவர். அவர் எழுதிய பதிலை எனக்கு இப்போதும் மனப்பாடமாகச் சொல்ல முடியும். "பிள்ளை, எனக்குத் தெரியாததே? ஆனா கந்தோர்க் கடதாசியில ஒப்பம் வைக்கிறதெண்டால் ஆதாரம் வேணும். கல்வெட்டில இல்லாத ஒண்டை நான் எப்பிடி எழுதுறது? அது நீ பாடினதுதானே."

கடைசியில் மாசிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அப்பவே கேட்டேனேம்மா" என்று மட்டும் சொன்னார். தன் ஒப்பமும் அதில் இருக்கிறது என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் விண்ணப்பத்தை அவரே எழுதிக் கொடுத்தார். அம்மாவின் சத்தியக் கடதாசியையும் அவரே தயார் செய்தார்.

குடிவரவு அலுவலகத்தில் எங்களை விசாரித்தவள் என் வயதுப் பெண். மரியாதையாகத்தான் நடந்தாள். அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிறகு கோப்பிலிருந்து அப்பாவின் கல்வெட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அட்டையில் அப்பாவின் படம். அதை அங்கே கண்டதும் அம்மா, கண் தெரியாத அம்மா, எப்படியோ அடையாளம் கண்டு கும்பிட்டார்.

"இந்தக் கவிதையை எழுதியது யார்?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நான்."

"இதில் ஒரு மகள் என்று இருக்கிறது. இப்போது இரண்டு என்கிறீர்கள். எது உண்மை?"

நான் விளக்கப் புறப்பட்டேன். சாதியை விளக்கினேன், தலை முழுகுவதை விளக்கினேன், செய்யுள் மரபை விளக்கினேன். கல்வெட்டில் விடுபடுவது என்பது இல்லாமல் இருப்பது ஆகாது என்று, ஏழாயிரம் மைல் அப்பால் ஆயிரம் வருடத்துக்கு முன் செத்துப்போன புலவர்களையெல்லாம் சாட்சிக்கு இழுத்தேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த மிகச் சிறந்த விரிவுரை அதுவாகத்தான் இருக்கும். அவள் குறித்துக்கொண்டாள். அம்மாவைப் பார்த்து, "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். அம்மா இரண்டு விரலைக் காட்டினார். "ரெண்டு. ரெண்டும் நான் பெத்தது. சின்னவளுக்கு முழங்காலில தழும்பிருக்கு, கிணத்தடியில விழுந்தவள். வேணுமெண்டாப் போய்ப் பாக்கச் சொல்லு" என்றார். நான் அப்படியே பெயர்த்துச் சொன்னேன். தழும்பையும் சொன்னேன்.

கடிதம் ஐந்து வாரத்தில் வந்தது. அம்மாவை ஒன்றும் செய்யவில்லை, வயதைக் கருதி விட்டுவிட்டார்கள். தங்கையின் விண்ணப்பத்தை ஏற்கவில்லை. காரணத்தை ஒரு பந்தியில் தெளிவாக எழுதியிருந்தார்கள். முதல் ஆவணம் சம்பவம் நடந்த காலத்திலேயே உண்டானது. அந்தக் குடும்பத்தை நேரில் அறிந்த இருநூறு பேருக்குப் பகிரங்கமாகக் கொடுக்கப்பட்டது. அவர்களில் ஒருவரும் அதை மறுத்ததாகத் தெரியவில்லை. பின்னால் வந்த வாக்குமூலமோ ஒரு தேவை ஏற்பட்ட பிறகு, அந்தத் தேவை உள்ளவர்களாலேயே தரப்பட்டது. ஆகவே முதல் ஆவணத்துக்கே கூடிய மதிப்புக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பந்தியில் எனக்கு ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. காலத்தால் முந்தியது, ஆதாயம் கருதாதது, பலர் அறிய வெளிவந்தது. எந்தச் சான்றை நம்புவது என்று என் முதல் அத்தியாயத்தில் நான் எழுதிவைத்த அதே மூன்று விதிகள். அந்தப் பெண் என் மாணவியாக இருந்திருந்தால் மெச்சியிருப்பேன். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்று, பாவி, பாவி, பாவி என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். கணவர் ஓடிவந்து கையைப் பிடித்தார். "விசர் வேலை செய்யாதை. திருப்பி ஒருக்காப் போடுவம்" என்றார். திருப்பிப் போட்டோம். அதே பதில்தான், முன்னதைவிடச் சுருக்கமாக வந்தது.

ஆய்வு அதோடு நின்றது. மேற்பார்வையாளர் இரண்டு முறை தொலைபேசி எடுத்தார். மூன்றாம் முறை நான் எடுக்கவில்லை. எவனோ ஒரு புலவன் எவனோ ஒரு இளவரசனை விட்டுவிட்டான் என்று திட்டி எழுத எனக்கு வாய் இல்லாமல் போய்விட்டது. அவனுக்கும் வீட்டில் ஓர் அம்மா கடிதம் எழுதியிருப்பாள். அவனுக்கும் ஒரு எரிச்சல் இருந்திருக்கும். மற்றச் சொல்லும் தளை தட்டாது என்று அவனும் விரல் விட்டுப் பார்த்திருப்பான்.

தங்கைக்கு நடந்ததை எழுதினேன். இந்த முறை ஒன்றையும் விடவில்லை, என் பொறாமையைக்கூட விடவில்லை. அவள் பதில் போட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி அக்கா. அம்மாவைப் பார்த்துக்கொள்" என்று இருந்தது. அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு கடிதம், பொங்கலுக்கு. பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள், பிள்ளைக்கு அம்மை போட்டது, பிள்ளை பரிசு வாங்கினாள். எங்களை எடு என்று பிறகு ஒரு முறையும் அவள் கேட்கவில்லை.

இந்திய ராணுவம் வந்த எண்பத்தேழு ஐப்பசிச் சண்டையில் அவள் ஷெல் பட்டுச் செத்தாள். தண்ணீர் அள்ளப் போன இடத்தில். தபால் ஓடாத காலம், எங்களுக்கு இரண்டரை மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அவள் புருஷனின் தமையன், பள்ளிக்கூட வாத்தியார், அவர்தான் எழுதினார். பிள்ளை தப்பிவிட்டாள், தங்களோடு இருப்பாள், கவலைப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தார். உறைக்குள் மடித்த ஒற்றைத் தாள் ஒன்றும் இருந்தது. அச்சுக்கூடங்கள் மூடிக்கிடந்த நேரத்தில் எங்கோ ரோனியோ மெசினில் உருட்டி எடுத்த மங்கல் எழுத்து. அவளுக்குக் கல்வெட்டு. அவர்களே பாடி, முப்பத்தோராம் நாள் அயலுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் முற்றத்துப் படியில் நின்று வாசித்தேன். நல்ல வெயில் நாள். பாட்டுச் சுமாரானதுதான், சீர் அங்கங்கே இடறியது. பிறந்த ஊர் இல்லை. அப்பா பெயர் இல்லை. பெற்றாரும் உடன்பிறந்தாரும் இல்லாதவளாய் எங்கள் குடிக்கு வந்து, எங்கள் விளக்காய் இருந்தவள் என்று தொடங்கியது. வாத்தியார் கடிதத்தில் காரணம் சொல்லியிருந்தார். "குறை நினைக்க வேண்டாம். தனக்கு ஒருவரும் இல்லையென்றுதான் பிள்ளைக்கும் அயலுக்கும் அவ சொல்லிவைத்தவ. அவவின்ர விருப்பப்படி எழுதினோம்."

இப்போது இரண்டு கல்வெட்டு இருக்கிறது. ஒன்று எங்கள் வீட்டில் அடித்தது, மற்றது அவர்கள் வீட்டில் அடித்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதவில்லை. இரண்டும் ஒத்துப்போகின்றன. இதற்கு மேல் எந்த ஆராய்ச்சிக்காரனும் தேடமாட்டான். நானும் தேடியிருக்க மாட்டேன்.

அம்மா முன் அறையில் ஜன்னலோரம் இருந்தார். அப்போது அவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். கடிதத்தை வாசித்துக் காட்டினேன், கடைசிப் பகுதியை விட்டுவிட்டு. அவள் செத்த செய்தியை அம்மா கேட்டுக்கொண்டிருந்த விதத்தை என்னால் எழுத முடியாது. அரை மணித்தியாலத்துக்குப் பிறகு, "வேற கடதாசி ஒண்டும் சரசரத்தது, அது என்ன?" என்று கேட்டார்.

"கல்வெட்டு அம்மா. அவையள் அடிச்சிருக்கினம்."

"மெய்யே?" அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ர பிள்ளைக்குக் கல்வெட்டு அடிச்சவையே? என்ர பேர் போட்டிருக்கினமோ?"

நான் அந்தத் தாளைப் பார்த்தேன். "ஓம்" என்றேன்.

"அப்பாவின்ர பேர்?"

"போட்டிருக்கு."

"உன்ர பேர்?"

"அதுவும் இருக்கம்மா."

"வாசி."

வாசித்தேன். தாளில் இல்லாததை வாசித்தேன். ஊர்ப் பெயரில் தொடங்கி, அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், அவர்களுக்கு இரண்டாவதாய் வந்த செல்வம், அக்காளின் கை பிடித்து நடந்தவள் என்று, எதுகையும் மோனையும் தானாக வந்து விழ, பத்துப் பன்னிரண்டு அடி நிற்காமல் போனது. அப்பாவுக்கு இரண்டு நாள் இருந்து எழுதியதில்கூட அந்த ஓட்டம் இல்லை. அம்மா ஒவ்வொரு அடிக்கும் தலையை ஆட்டிக்கொண்டு, கண்ணீர் கழுத்தில் வழிய வழியக் கேட்டார்.

முடிந்ததும், "நல்லாப் பாடியிருக்கினம்" என்றார். "இன்னொருக்கா வாசி, பிள்ளை."

திரும்பத் தொடங்கினேன். முதல் அடி வந்தது. இரண்டாம் அடி வேறு மாதிரி வந்தது. மூன்றாம் அடியில் நின்றுவிட்டேன்.

அம்மா கையை நீட்டி என் முழங்காலைத் தேடிப் பிடித்தார். "முதல் வாசிச்சது வேற" என்றார். நான் தாளை மடியில் வைத்தேன். "பரவாயில்லை. எனக்கு அதையே வாசி" என்றார்.

எனக்கு ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.